கொச்சியிலிருந்து நெகேவ் வரை: கேரள யூதர்களைச் சந்தித்தவர்களின் அனுபவங்கள்

நாகர்கோவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

தோட்டக்கலைப் பயிற்சிக்காக இஸ்ரேலின் தென்பகுதிக்குச் சென்றிருந்தபோது, பேர்ஷெபா நகருக்கு அருகில் உள்ள நெவாத்திம் என்ற ஊரில், எர்ணாகுளத்திலிருந்து குடிபெயர்ந்த ஒரு மூதாட்டியுடன் பிற்பகல் முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் வாய்ப்பு அமைந்தது. யூதர்களின் குடிபெயர்வு என்றதுமே ஐரோப்பாவின் வதைமுகாம்களும் அகதிக் கப்பல்களும் நம் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் யாரும் விரட்டாத ஓர் ஊரிலிருந்து, அக்கம்பக்கத்தார் கண்கலங்கி வழியனுப்ப, தாமாகவே விரும்பிப் புறப்பட்டுப் போன யூதர்களும் உண்டு. அவர்களுடைய கதையை நம்மவர்கள் போதிய அளவு அறிந்திருக்கவில்லை என்று எனக்குத் தோன்றுவதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பண்ணையைச் சுற்றிக்காட்டியவர் நான் இந்தியாவிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும், அந்த அம்மா எபிரேயத்தை அப்படியே நிறுத்திவிட்டு, "மோனே, நாட்டில் எவிடெயா?" என்று கேட்டார். நாகர்கோவில் என்றேன். "அப்போ நம்முடெ நாடு தன்னெ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அவர் குடும்பத்தோடு புறப்பட்ட 1954-இல் நாகர்கோவிலும் எர்ணாகுளமும் திருவிதாங்கூர்–கொச்சி என்ற ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் குமரி மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது.

1948 மே 14 அன்று இஸ்ரேல் என்ற நாடு அறிவிக்கப்பட்டபோது கேரளத்தில் ஏறத்தாழ 2,400 யூதர்கள் வாழ்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஜெருசலேம் இருக்கும் திசையை நோக்கி வேண்டிவந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு வேதவாக்கு நிறைவேறியதாகவே தோன்றியது என்றார் அந்த அம்மா. வறுமையும் ஒரு காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. அவருடைய தகப்பனார் கோழிமுட்டை வாங்கி விற்பவர், ஐந்து பிள்ளைகள், அந்த வருமானத்தில் பெண்களுக்கு மணமுடிப்பது எப்படி என்ற கவலை வீட்டில் எப்போதும் இருந்திருக்கிறது. 1950-இல் இஸ்ரேல் நாடாளுமன்றம், உலகின் எந்த மூலையில் வாழும் யூதருக்கும் அங்கே வந்து குடியேற உரிமை உண்டு என்று சட்டம் இயற்றியது. அதை நம்பித் தொழிலைக் கைவிட்டு, வீட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் விற்றுவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் பல. ஆனால் அழைப்பு வரவில்லை.

தடையாக நின்றது யானைக்கால் நோய். கொச்சிப் பகுதியில் அந்த நோய் பரவலாக இருந்ததால், வருபவர்கள் வழியாக அது தங்கள் நாட்டிலும் பரவிவிடும் என்று இஸ்ரேலின் மருத்துவ அதிகாரிகள் அஞ்சினார்கள். அதனால் நாடு பிறந்து ஆண்டுகள் பல கழிந்த பிறகும் இவர்களுக்கு வாசல் முழுமையாகத் திறக்கவில்லை. அந்த நோயின் நுண்புழுக்கள் இரவு நேரத்தில்தான் மேலோட்டமான ரத்தத்துக்கு வரும் என்பதால், சோதனையும் இரவில்தான் நடக்கும். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பித் திண்ணையில் வரிசையாக உட்காரவைத்து, அரிக்கேன் விளக்கை அருகே பிடித்துக்கொண்டு, விரல் நுனியில் ஊசியால் குத்தி ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்ததை அந்த அம்மா தம் விரலை அழுத்திக் காட்டியபடியே சொன்னார். தம்பியின் ரத்தத்தில் ஏதோ தெரிந்ததாகச் சொல்லி முழுக் குடும்பத்தையும் நிறுத்திவைத்தார்களாம். விற்ற வீட்டிலேயே வாடகை கொடுத்துக் குடியிருந்த அந்த மாதங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் மனத்தாங்கல் தெரிந்தது. நியாயமான மனத்தாங்கல் என்றே நான் நினைக்கிறேன். தாய்நாடு என்று நம்பி எல்லாவற்றையும் விற்றவர்களிடம் அந்த நாடே நோயைக் காரணம் காட்டியது எவ்வளவு வலித்திருக்கும்!

இந்தத் தடையை நீக்கப் பாடுபட்டவர்களில் வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் முதன்மையானவர். கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில், வெளிநாடுகளிலிருந்து பின்னாளில் வந்து குடியேறியவர்களின் வழியினரான பரதேசி யூதர்களுடைய ஜெப ஆலயத்தில் தம் பிரிவினருக்குச் சம இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து அந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தவர். அதனால் யூத காந்தி என்று அழைக்கப்பட்டவர். அவர் 1953-இல் இஸ்ரேலுக்கே சென்று கேரள யூதர்களுக்காகப் பேசினார். அதன் பிறகு பெரும்பாலோர் புறப்பட வழி பிறந்தது. எத்தனையோ பேரை அனுப்பிவைத்த சேலமோ கொச்சியிலேயே வாழ்ந்து 1967-இல் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே ஒருவர் எழுத வேண்டும்.

எர்ணாகுளத்திலிருந்து ரயிலில் பம்பாய், அங்கிருந்து விமானம். வந்திறங்கியவர்களை இடைக்கால முகாம்களில் தங்கவைக்காமல் நேரே குடியேற்றப் பகுதிகளுக்கு அனுப்பும் முறையை அரசு 1954-இல்தான் தொடங்கியிருந்தது. நெகேவ் பாலைவனத்தில் 1946-இல் ஒரே இரவில் நிறுவப்பட்ட பதினொரு குடியிருப்புகளில் நெவாத்திமும் ஒன்று. முதலில் வந்தவர்கள் விட்டுப் போன அந்த இடத்தில்தான் கொச்சிக்காரர்களை இறக்கிவிட்டார்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரிலிருந்து 200 மில்லிமீட்டர் மழையே பெய்யும் மண்ணுக்கு வந்த அந்த அம்மாவின் தாயார், லாரியிலிருந்து இறங்கியதும் முதலில் கேட்டது, "இவிடெ புழ எவிடெயா?" (இங்கே ஆறு எங்கே?) என்பதுதானாம். ஏர் பிடித்தே அறியாத வியாபாரிகள், நுகர்வுக்கு மேல் ஒரு குடம் தண்ணீரும் மிஞ்சாத இடத்தில், கோழி வளர்த்து, காய்கறி பயிரிட்டு, பின்னாளில் பசுமைக்குடிலில் பூ வளர்த்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்கு உயர்ந்தார்கள். தோட்டக்கலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த உவர்மண்ணில் ரோஜாவைத் தழைக்கவைப்பது எளிய வேலை அன்று.

ஜெருசலேமில் ஆய்வாளராக இருந்த ஓர் உறுப்பினர்:

நாகர்கோவில் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கும் ஒரு சந்திப்பு நினைவுக்கு வந்தது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காக ஜெருசலேமில் தங்கியிருந்த காலத்தில், அங்குள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாட்களில் செல்வேன். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தினுடைய உட்புறம் அங்கே அப்படியே பொருத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த அந்த ஆலயம், மக்கள் குடிபெயர்ந்த பிறகு கயிற்றுக் கிடங்காகக் கிடந்தது. அதன் மரவேலைப்பாடுகளை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு 1995-இல் காட்சிக்கு வைத்தார்கள். தாமரை செதுக்கிய மேற்கூரையைப் பார்த்தவுடன் நம் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் நிற்பது போன்ற உணர்வு எனக்கு உண்டாயிற்று.

அங்கே ஒரு பெரியவர் தம் பேரப்பிள்ளைகளுக்கு மாடத்தைச் சுட்டிக்காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். வேதம் வாசிப்பதற்கு ஒரு மேடை எல்லா ஊர் ஜெப ஆலயங்களிலும் உண்டு. மாடியில் இரண்டாவது மேடை ஒன்று அமைப்பது கேரளத்து யூதர்களுக்கே உரிய வழக்கம். அந்த மேடைக்குப் பின்னால் பெண்கள் அமர்ந்திருப்பார்கள், தம் அம்மாவின் குரல் அங்கிருந்து கேட்கும் என்று அவர் சொன்னார். "அன்று இங்கே செருப்போடு யாரும் காலெடுத்து வைத்ததில்லை" என்று அவர் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னபோது, நான் என்னையறியாமல் என் காலணிகளைப் பார்த்துக்கொண்டேன்.

லெபனான் எல்லையை ஒட்டிய யுவால் என்ற ஊரைச் சேர்ந்த அவர், பிறகு ஒருமுறை என்னைத் தம் வீட்டுக்கும் அழைத்தார். அந்த ஊரின் கதையில் நாம் விட்டுவிடக் கூடாத ஒரு பகுதி உண்டு. அது அபில் அல்-கம்ஹ் என்ற அரபுக் கிராமத்தின் நிலத்தில் அமைந்தது. 1948 போரின்போது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்து வெளியேறினார்கள். அந்தக் கிராமத்தாரும் அவர்களில் அடக்கம். கொச்சியிலிருந்து சில ஆண்டுகள் கழித்து வந்தவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அரசு காட்டிய இடத்தில் குடியேறினார்கள். ஆயினும் பெரியவர் அதைப் பேசாமல் இருக்கவில்லை. தோப்புக்கு நிலம் திருத்தியபோது வரிசையாக நின்ற சப்பாத்திக்கள்ளி வேலியையும், அதற்குள் இடிந்த சுவரையும் கண்டதாகவும், இது யாருடைய வீட்டு முற்றமோ என்று தம் தகப்பனார் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றதாகவும் சொன்னார். 1975-இல் ஆயுதக்குழுவினர் அந்த ஊருக்குள் நுழைந்து தாக்கியதில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. அமைதியான கடற்கரை ஊரிலிருந்து கிளம்பியவர்கள் எல்லைச் சண்டையின் முன்வரிசையில் போய் நின்றதை எண்ணும்போது எனக்கு இரண்டு தரப்பு மக்களுக்காகவும் மனம் வருந்துகிறது. ஒரு மக்களின் தாயகம் பிறந்த கதையை எழுதும்போது, அதே மண்ணில் தாயகம் இழந்தவர்களின் கதையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எர்ணாகுளத்தில் வசிக்கும் ஓர் உறுப்பினர்:

போனவர்களைப் பற்றி இருவரும் எழுதிவிட்டீர்கள். அவர்கள் விட்டுச் சென்றவற்றைப் பற்றி நான் சொல்கிறேன். திருச்சூர் மாவட்டத்து மாளாவில் இருந்த யூதர்கள், 1955-இல் புறப்படுவதற்கு முன்பு தங்கள் ஜெப ஆலயத்தை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தார்கள். கல்லறை நிலத்தைக் காக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். கட்டடத்தைப் பார்க்கச் சென்ற என்னை, எதிர்க் கடையில் இருந்த முதியவர் ஒருவர் தாமாகவே முன்வந்து அழைத்துச் சென்று காட்டினார். யூதக் குடும்பங்கள் புறப்பட்ட நாளில் பள்ளிக்கூடத்தில் தம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் தன் சிலேட்டைத் தமக்குக் கொடுத்துவிட்டுப் போனதை இன்னும் மறக்கவில்லை என்றார். கல்லறை நிலத்தின் ஒரு பகுதியில் பின்னாளில் விளையாட்டு அரங்கம் எழுந்ததைச் சொல்லி அவர் மிகவும் வேதனைப்பட்டார். எனக்கும் அந்த வேதனை உண்டு. நம்பி ஒப்படைத்தவர்களுக்குக் கொடுத்த சொல்லைக் காப்பது நம் கடமை.

எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். அங்குள்ள ஜெப ஆலயத்தின் முற்றத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையது அதுவே. மட்டாஞ்சேரியில் உள்ள செப்பேடுகள் அதைவிடவும் பழையவை. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யூசுப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமைகளை வழங்கிய ஆவணம் அது. நம் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. இத்தனை நூற்றாண்டுகள் வேர்விட்டிருந்த சமூகம் ஒன்று இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய முழுவதும் புறப்பட்டுப் போயிற்று என்பதை நினைத்தால் அந்த ஏக்கத்தின் வலிமை புரியும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் போய்விட்டார்களா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. பரதேசிப் பிரிவினர் சொத்து உள்ளவர்கள். அந்தச் சொத்தை விற்றாலும் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல அன்றைய அந்நியச் செலாவணி விதிகள் இடம் தரவில்லை. அதனால் அவர்கள் தயங்கி, பின்னர்ச் சிறுகச் சிறுகவே புறப்பட்டார்கள். 1968-இல் பரதேசி ஆலயத்தின் 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தபோது, விழா நடத்தும் அளவுக்கேனும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதிய நண்பருக்கு ஒரு தகவல்: நெவாத்திமிலும் கொச்சி யூதர்கள் தங்களுக்கென ஒரு பாரம்பரிய மையத்தையும், அதையொட்டிக் கேரளப் பாணியில் ஒரு ஜெப ஆலயத்தையும் அமைத்திருக்கிறார்கள். மலையாளத்தில் பெண்கள் பாடிவந்த பாட்டுகளைக் கையால் எழுதிவைத்த குறிப்பேடுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பேர்ஷெபா பக்கம் போகிறவர்கள் மலையாளம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று, மூத்தவர்கள் இருக்கும்போதே அந்தப் பாட்டுகளைக் கேட்டுவர வேண்டும். முடிந்தால் அவர்கள் அனுமதியோடு பதிவு செய்துகொண்டு வாருங்கள்.