சிங்கப்பூர், கோலாலம்பூர், டோக்கியோ, ஒசாகா: கச்சேரிக்கு முன்னாடி ஒரு நாள் வேணும்னு கேட்கலாமா?

எச்சு_சுருதி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மிருதங்கம் வாசிக்கிறேன். நவம்பர் கடைசியில ஒரு பாடகி அக்காவோட முதல் வெளிநாட்டுப் பயணம். முதல்ல சிங்கப்பூர், அப்புறம் கோலாலம்பூர், டிசம்பர்ல டோக்கியோவும் ஒசாகாவும். அக்காவுக்கு ஐந்து கட்டை சுருதி (கட்டைன்னா சுருதியோட அளவு). வயலின் வாசிக்கிற அண்ணா இந்த ஊர்களுக்கெல்லாம் ஏற்கெனவே போயிட்டு வந்தவர்.

நிகழ்ச்சி நிரல் வந்திருக்கு. ரெண்டு ஊர்ல காலையில இறங்கி சாயங்காலம் கச்சேரி. நான்தான் குழுவிலேயே சின்னவன், புதுசு. "ஒரு நாள் முன்னாடியே போயிடலாமா"ன்னு கேட்டா அதிகப்பிரசங்கித்தனமா இருக்குமோன்னு தயக்கம். ஒரு நாள் கூடினா அமைப்பாளருக்கு அறை வாடகையும் கூடும். ஆனா வாத்தியம் எப்படி இருக்குமோங்கிற கவலை எனக்குப் பெருசா இருக்கு. போய் வாசிச்சுட்டு வந்தவங்க சொல்லுங்க. வாத்தியத்தை எப்படிக் கொண்டுபோறீங்க? மேடையில என்ன வேறுபாடு இருக்கும்?

---

வலந்தலை எழுதியது:

தம்பி, தயங்காம கேளு. அந்த ஒரு நாளை உனக்காகக் கேட்கவில்லை, வாத்தியத்துக்காகக் கேட்கிறாய். மூத்த வித்வான்கள் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வயலின் அண்ணாவிடம் முதலில் சொல். அவருடைய வாத்தியமும் அதே காற்றில்தான் இருக்கப்போகிறது, அவரே உனக்காகப் பேசுவார்.

உன் பயணத்தில் என்ன நடக்கும் என்று பார். நவம்பர், டிசம்பரில் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மழை. காற்று முழுக்க ஈரம். தோல் ஈரத்தை வாங்கித் தளரும், வலந்தலையின் (வலப்பக்க முகத்தின்) சுருதி இறங்கும். அரங்குக்குள் போனால் ஏசி, ஈரம் குறைந்த குளிர். ஒப்பனை அறையில் நீ சேர்த்து வைத்த சுருதி, மேடை விளக்கின் சூட்டில் முதல் வர்ணம் முடிவதற்குள் ஏறிவிடும். அடுத்து டோக்கியோ. டிசம்பரில் அங்கே வானம் தெளிந்து காற்று உலர்ந்திருக்கும், கட்டடத்துக்குள் ஹீட்டர் வேறு ஓடும். தோல் விறைக்கும். இதில் நான் அதிகம் பயப்படுவது கரணைக்குத்தான், வலந்தலை நடுவில் இருக்கிற அந்தக் கறுப்பு வட்டத்துக்கு. சோறும் கல்பொடியும் சேர்த்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றினது அது. திடீரென்று உலர்ந்தால் பொரிந்து உதிரும். சுருதி இறங்கினால் கல்லை எடுத்து ஏற்றிக்கொள்ளலாம். கரணை போனால் அங்கே யாரிடம் போவாய்?

ஐந்து கட்டைக்கு வாசிக்கிற எச்சு (உயர்ந்த சுருதி) மிருதங்கத்தில் தோல் ஏற்கெனவே இழுத்த நிலையில் இருக்கிறது. இன்னும் விறைத்தால் தாங்குகிற இடம் குறைவு. அதனால் விமானத்தில் ஏற்றுவதற்கு முன் சுருதியைக் கொஞ்சம் இறக்கிவிடு. மூட்டின் (பின்னலோடு சேர்ந்த தோல் மூடியின்) விளிம்பைக் கீழிருந்து மேலாகத் தட்டிச் சுற்றிலும் ஒரே அளவாகத் தளர்த்து. ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் பிறகு இடத்துக்கு இடம் சுருதி சேராது. இரண்டு வாய்களையும் பருத்தித் துணியால் மூடிக் கட்டி, அதற்கு மேல் உறை, அதற்கு மேல் கெட்டியான பெட்டி. சுருதி சேர்க்கத் தட்டுகிற கல்லும் மரக்கட்டையும் பெரிய பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். பவர் பேங்க் மாதிரி லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில்தான் இருக்கணும்.

இறங்கினதும் பெட்டியைத் திறந்து, துணியை எடுக்காமல் அறையில் வை. ஏசி காற்று நேராக விழாத இடம், ஹீட்டருக்குப் பக்கமும் இல்லாத இடம். ஒரு ராத்திரி அப்படியே கிடக்கட்டும். மறுநாள் காலை துணியை எடுத்து, பாதி சுருதிக்கு ஏற்றி, கொஞ்ச நேரம் மெதுவாக வாசி. மத்தியானம் முழுச் சுருதி. இந்த வரிசைக்குத்தான் ஒரு நாள் வேண்டும். காலையில் இறங்கிச் சாயங்காலம் மேடை என்றால் இதை இரண்டு மணி நேரத்தில் செய்யப் பார்ப்பாய். அப்போது தோலை அடித்து ஏற்றுவாய். அடித்து ஏற்றின தோல் நீ தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தின்போது தன் வேலையைக் காட்டும்.

மேடை பற்றிக் கேட்டாய். சிங்கப்பூரில் முன்வரிசை முழுக்கத் தாளம் போடும். இந்திய நுண்கலைக் கழகம் 1949லிருந்து அங்கே சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறது. கேட்க வருகிறவர்களில் பலர் படித்தவர்கள், கோர்வை (முடிக்கிற தாளக் கோவை) எங்கே விழப்போகிறது என்று உனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருப்பார்கள். ஜப்பானில் ஒரு கை அசையாது. தலைகூட ஆடாது. முதல்முறை வாசிக்கிறவனுக்கு "பிடிக்கவில்லையோ" என்று தோன்றும், வேகத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டாதே. கடைசி நாதம் அடங்கும்வரை காத்திருந்துதான் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் நீளும். அவ்வளவு கவனமாகக் கேட்கிறவர்கள் முன்னால் தொப்பியின் (இடப்பக்க முகத்தின்) கும்காரத்தை, அந்தக் கனத்த ஓசையை, பொறுமையாக வாசித்துக் காட்டலாம், நம் சபைகளில் சில சமயம் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் தொப்பியில் குழைத்து ஒட்டுகிற ரவையைக் கவனி. ஹீட்டர் ஓடுகிற கூடத்தில் சீக்கிரம் காயும். வழக்கத்தைவிடத் தளரக் குழைத்துப் போடு, தனிக்கு முன்னால் ஒரு விரல் தண்ணீர் தொட்டுப் பார்.

அரங்குக்காரர்கள் நேரத்தில் கறார். ஒலிச்சோதனைக்குக் கொடுத்த நேரம் முடிந்தால் முடிந்ததுதான். அது நல்ல பழக்கம், நாமும் கற்றுக்கொள்ளணும்.

அந்த ஒரு நாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. அந்த ஊர் வாத்தியக்காரர்களோடு உட்காரலாம். சரவாக்கில், கூச்சிங் பக்கம் சந்துபோங் மலையடிவாரத்தில், 1998லிருந்து மழைக்காட்டு உலக இசை விழா நடக்கிறது. ராத்திரி பெரிய மேடை, மத்தியானம் வெவ்வேறு நாட்டுக் கலைஞர்கள் ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிக்கிற பட்டறை. அங்கே சாப்பே என்கிற அந்த ஊர்த் தந்தி வாத்தியம் கேட்டேன். படகு மாதிரி குடைந்த மரம், ஒரு தந்தி பாட்டை வாசிக்க மற்றவை சுருதிபோல் கூடவே ஒலிக்கும். நம் காதுக்கு உடனே ஒட்டிவிடும்.

ஜாவாவின் கமலான், அந்த வெண்கல வாத்தியக் குழு, வேறு. ஒவ்வொரு செட்டுக்கும் அதன் சொந்தச் சுருதி. வெண்கலத்தைச் சுரண்டித்தான் மாற்ற முடியும் என்பதால் நாம்தான் இறங்கிப் போகணும். அங்கே தாளச் சுற்றின் கனம் முடிவில் இருக்கிறது, பெரிய கோங் விழுகிற இடத்தில். நமக்கு எடுப்பிலும் (பாட்டு தொடங்குகிற இடம்) சமத்திலும் (தாளச் சுற்றின் முதல் தட்டு) கண். யோக்யகர்த்தாவில் அவர்களோடு உட்கார்ந்தபோது, கோர்வையின் கடைசித் தீர்மானத்தை அந்தக் கோங்கில் கொண்டு போட்டுப் பார்த்தேன். "தா" விழுந்ததும் கோங்கும் விழுந்தது. அதற்குப் பிறகு தாளத்தை நினைக்கிற விதமே எனக்குக் கொஞ்சம் மாறியது. காலையில் வந்து ராத்திரி கிளம்பியிருந்தால் இது கிடைத்திருக்காது.

---

மெழுகு_மேளம் எழுதியது:

வலந்தலை சார் சொன்னதோடு வீணைக்காரியாக நானும் சேர்ந்துகொள்கிறேன். எங்கள் மெட்டுகள் (தந்திக்குக் கீழே இருக்கிற உலோகக் கட்டைகள்) மெழுகில் நிற்கின்றன. விமான நிலையத் தளத்தில் வெயிலில் பெட்டி கொஞ்ச நேரம் நின்றாலே மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். நகர்ந்த மெட்டைச் சரிசெய்து மெழுகு இறுக விட அவகாசம் வேண்டும். ஆகவே எனக்கும் அந்த ஒரு நாள் இல்லாமல் ஒப்பந்தம் இல்லை. மின்னஞ்சலின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவேன்.

ஜப்பானுக்குச் சில குறிப்புகள். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென் ரயிலில்தான் போவீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் வந்தால் பெரிய சுமைக்கான இடத்தோடு இருக்கை முன்பதிவு செய்யவேண்டும் என்று 2020 மே முதல் விதி. என் வீணைப் பெட்டி அந்த அளவைத் தாண்டும். வாத்தியங்களுக்கு இந்த முன்பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் வைக்க இடம் உறுதியாக இருக்க நான் செய்துவிடுவேன். மிருதங்கம் பெரும்பாலும் வராது, இருந்தாலும் பெட்டியோடு சேர்த்து அளந்து பாருங்கள். துணிமணிப் பெட்டியைத் தக்யூபின் சேவையில் முதல் நாளே ஒசாகா விடுதிக்கு அனுப்பிவிட்டு வாத்தியத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிலையப் படிகளில் அது எவ்வளவு நிம்மதி என்று போனால்தான் தெரியும்.

அங்கே மின்சாரம் 100 வோல்ட். எலக்ட்ரானிக் தம்பூராவின் அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 230 மட்டும் என்றால் சுருதி தடுமாறும், அல்லது ஓடவே ஓடாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வோல்ட் நமக்குப் பழகினதுதான், துளைதான் வேறு, சதுர முனை மூன்று.

வீணைக்காரர்கள் யாராவது படித்தால்: தந்தமோ மான் கொம்போ பதித்த பழைய வீணையை எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டாம். பாட்டி வாசித்த வீணை என்றாலும் அதிகாரிக்கு அது வனவிலங்குப் பொருள்தான்.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்_தமிழச்சி எழுதியது:

வணக்கம். கோலாலம்பூரில் கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்களில் நானும் ஒருத்தி. தம்பி, ஒரு நாள் முன்னதாக வருவதை நாங்கள் சுமையாக நினைப்பதில்லை. கலைஞர் அலுப்போடு மேடையேறுவதுதான் எங்களுக்குக் கவலை. சீக்கிரம் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். டிக்கெட் போட்ட பிறகு சொன்னால்தான் செலவு.

இன்னொன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: என்ன அனுமதியில் வருகிறீர்கள்? மலேசியாவில் வெளிநாட்டுக் கலைஞர் மேடையேற, அதற்கான அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதி வேண்டும். உள்ளூர் ஏற்பாட்டாளர்தான் விண்ணப்பிக்கவேண்டும். இந்தியக் கடப்பிதழுக்கு 2023 டிசம்பரில் விசா விலக்கு வந்ததும் "சும்மா வந்து பாடிட்டுப் போங்க" என்று சிலர் சொல்கிறார்கள். அந்த விலக்கு சுற்றுலாவுக்கு. சம்பளத்துக்கு வாசிப்பது வேறு. சிங்கப்பூரில் பொதுமக்கள் வரக்கூடிய அரங்கில் நடக்கிற நிகழ்ச்சி, அவர்கள் நிபந்தனைக்குள் வந்தால், மனிதவள அமைச்சுக்கு இணையத்தில் அறிவித்துவிட்டு வாசிக்கலாம். மதுக்கூடம் மாதிரி இடங்களுக்கு அது பொருந்தாது. ஜப்பானுக்கு அழைப்பவர்கள் அங்கிருந்து விசாவுக்கான தகுதிச் சான்றிதழ் எடுத்து அனுப்பவேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், டிசம்பர் பயணத்துக்கு இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவது கலைஞர்தான், ஏற்பாட்டாளர் வீட்டில் இருப்பார். எனக்கு இதில் கோபமே வரும். தெரியாத பிள்ளைகளைச் சுற்றுலா விசாவில் கூட்டிவந்து மேடையேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். வெளிநாட்டுக் கலைஞருக்கு மலேசியாவில் 15 விழுக்காடு, சிங்கப்பூரில் 15, ஜப்பானில் 20.42. பேசின தொகை வரிக்கு முன்பா பின்பா என்று எழுத்தில் வாங்குங்கள். பிடித்ததற்குச் சான்றும் வாங்குங்கள், ஊரில் கணக்குக் காட்டும்போது உதவும்.

சரவாக் பற்றி வலந்தலை ஐயா சொன்னார். ஒரே நாடு என்றாலும் கோலாலம்பூரிலிருந்து கூச்சிங் போனால் அங்கே தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. கடப்பிதழை விடுதியில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

---

எச்சு_சுருதி எழுதியது:

நிறைய நன்றி. வயலின் அண்ணாகிட்ட பேசிட்டேன். "நானே கேட்கணும்னு இருந்தேன்"னு சொன்னார். சிங்கப்பூருக்கு ஒரு நாள் முன்னாடி டிக்கெட் மாத்துறாங்க. டோக்கியோவுக்கு மட்டும் முந்தின ராத்திரிதான் போய்ச் சேருவோம், அதுக்கு மேல முடியலையாம். இப்போ ரெண்டு மிருதங்கம் எடுத்துட்டுப் போகணுமா, ஒண்ணு போதுமா? சுமைக் கட்டணம் என் கையிலிருந்துதான்.

---

வலந்தலை எழுதியது:

சந்தோஷம் தம்பி. முந்தின ராத்திரி என்றால் போதும், ஆனால் அந்த ராத்திரியே பெட்டியைத் திறந்து வைத்துவிடு, காலைவரை தள்ளிப்போடாதே. அறையில் ஹீட்டர் ஓடினால் குளியலறையில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அறைக்குள் தொங்கவிடு. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால் கரணைக்கு நல்லது. துண்டு வாத்தியத்தின் மேல் படக்கூடாது.

இரண்டு எடு. சிங்கப்பூரில் நுண்கலைக் கழகம் இருக்கிறது, கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் நுண்கலை ஆலயம் இருக்கிறது, மிருதங்கம் கற்பவர்களும் கற்பிப்பவர்களும் இருக்கிற ஊர்கள். அவசரத்துக்கு இரவல் கேட்க ஆள் உண்டு. ஜப்பானில் ஐந்து கட்டைக்கு நிற்கிற மிருதங்கம் ஒரே நாளில் கிடைக்கும் என்று நம்பிப் போகமுடியாது. தோல் போனால் புதிய மூட்டு போடவும் ஆள் தேடணும். இரண்டாவதை ஐந்தரைக்கு ஏறக்கூடியதாக எடு, அக்கா அன்றைக்குக் கொஞ்சம் ஏற்றிப் பாடினாலும் உதவும்.

சுமைக் கட்டணத்தை உன் கையிலிருந்து கொடுக்காதே. இரண்டாவது வாத்தியம் கச்சேரி நடப்பதற்காக வருகிறது, அது பயணச் செலவில் சேரவேண்டியது. தமிழச்சி அம்மா சொன்னபடி டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேள். கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் இரண்டு வாத்தியத்தையும் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள், திரும்பும்போது "வெளியில் வாங்கினதா" என்ற கேள்விக்கு அதுவே பதில்.

டோக்கியோவில் ரவை தீர்ந்தால் நிஷி கசாய் பகுதியில் இந்தியக் கடைகள் இருக்கின்றன. தேடி அலையாமல் இருக்க ஒரு பொட்டலம் சிங்கப்பூரில் செராங்கூன் சாலையிலேயே வாங்கி வைத்துக்கொள், ஜப்பானில் இறங்கும்போது சுங்கப் படிவத்தில் அதையும் எழுதிவிடு.