கண்ணாடி பாக்கெட்டுல, தையல் கன்னத்துல

துவாக்குடி பட்டறை
கேட், கிரில், ஷெட் வேலை செய்யிற சின்னப் பட்டறை நம்மளது. என்னையும் சேர்த்து ஆறு பேர். போன வாரம் ஒரு பையனுக்குக் கன்னத்துல ஏழு தையல். கையில பிடிச்சு இரும்பு வெட்டுற நாலு இஞ்ச் கிரைண்டர்ல, வீலை மறைக்கிற மூடியை, அதான் கார்டைக் கழட்டிட்டு அஞ்சு இஞ்ச் கட்டிங் வீல் போட்டிருக்கான். ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் பைப்பை ரெண்டு ஸ்டாண்டு மேல படுக்கப் போட்டு நடுவுல வெட்டியிருக்கான். பாதியில வீல் கவ்விக்கிட்டு உடைஞ்சு, ஒரு துண்டு கன்னத்தைக் கிழிச்சிட்டுப் போயிருச்சு. நான் வாங்கிக் கொடுத்த சேப்டி கிளாஸ் அவன் சட்டைப் பாக்கெட்டுல இருந்துச்சு.

கண்ணாடி, கிளவுஸ், ஃபேஸ் ஷீல்டு எல்லாம் வாங்கி ஆணியில மாட்டித்தான் வச்சிருக்கேன். ஒருத்தனும் தொட மாட்டேங்கிறான். போடாதவனுக்கு அரை நாள் கூலி கட்னு திங்கக்கிழமை போர்டு எழுதி மாட்டப் போறேன். உங்க பட்டறையில என்ன பண்றீங்க?

பழைய சாணை
தம்பி, 34 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். கண்ணாடி போட்டதில்ல, பத்து விரலும் பத்திரமா இருக்கு. உங்க பையனுக்குக் கண்ணாடி இல்லாததா பிரச்சினை? கையில தொழில் இல்லாததுதான் பிரச்சினை. ரெண்டு முனையிலயும் தாங்கல் கொடுத்து நடுவுல வெட்டினா பைப் தொய்ஞ்சு வெட்டு வாய் மூடத்தான் செய்யும். வீலைக் கவ்வாம என்ன பண்ணும்? வெட்டுற இடத்துக்குப் பக்கத்துலயே தாங்கல் இருக்கணும், விழப்போற துண்டு தொங்கணும். அப்ப வாய் திறக்கும். இதைச் சொல்லிக் கொடுக்காம முகமூடி மாட்டி விட்டு என்ன புண்ணியம்?

இன்னொன்னும் சொல்றேன். பொறி எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. மிஷின் உதறினா அதுக்கு நேர் எதிர்ப் பக்கம்தான் பாயும். பொறி உன் மேல வந்தா மிஷின் அந்தாண்ட ஓடும். பொறி அந்தாண்ட போச்சுன்னா மிஷின் உன் மேல வரும். நான் எப்பவும் வீலுக்கு நேரா நிக்க மாட்டேன், ஒதுங்கித்தான் நிப்பேன். என் பாதுகாப்பு சாதனம் அதுதான்.

கண்ணாஸ்பத்திரி அக்கா
34 வருஷத்துல கண்ணுல ஒரு தடவை கூடப் பொறி விழுந்ததில்லையாண்ணே? கோவிச்சுக்காதீங்க, நிஜமாத்தான் கேக்குறேன்.

பழைய சாணை
விழாம இருக்குமா? பத்துப் பதினஞ்சு தடவை இருக்கும். பக்கத்துல நிக்கிறவன் துணி முனையை முறுக்கி எடுத்து விடுவான். மறுநாள் வேலைக்கு வந்துருவோம்.

கண்ணாஸ்பத்திரி அக்கா
நான் கண் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன். அந்தத் துணி முனையைப் பத்தி எழுத ஆரம்பிச்சா விடியும். இரும்புத் துகள் கருவிழியில ஒட்டி ஒரு நாள் கிடந்தாலே சுத்தித் துரு வளையம் கட்டிரும். துகளை எடுத்தாலும் துரு நிக்கும். மரத்துப் போற சொட்டு விட்டு, சிலிட் லேம்ப்னு கண்ணைப் பெருசாக்கிக் காட்டுற மிஷின்ல வச்சு, ஊசி முனையால டாக்டர் சுரண்டி எடுக்கணும். துணி முனை, தீக்குச்சி, நாக்கு, இது எல்லாத்தாலயும் எடுத்துட்டு நம்மகிட்ட வர்றவங்க உண்டு. எடுத்த இடத்துல புண்ணாகி, அதுல பூஞ்சை பிடிச்சு வருவாங்க. நம்ம ஊர் வெக்கைக்கும் தூசிக்கும் பூஞ்சைப் புண் அபூர்வமே இல்ல. மாசக்கணக்குல மருந்து ஊத்தியும் வெள்ளைத் தழும்பு நின்னு பார்வை போனவங்க இருக்காங்க.

ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும். அந்த மரத்துப் போற சொட்டை மெடிக்கல்ல வாங்கி வச்சுக்கிட்டு உறுத்துறப்பல்லாம் ஊத்தாதீங்க. வலி தெரியாது, உள்ளுக்குள்ள கருவிழி கரைஞ்சுக்கிட்டே இருக்கும்.

ஃபிட்டர் ரெண்டாம் வருஷம்
ஐ.டி.ஐ.யில கிளவுஸ் போட்டுட்டு லேத்து கிட்ட போனா வாத்தியார் வெளிய அனுப்பிருவாரு. சுத்துற மிஷின்ல கிளவுஸ் கூடாதுன்னு சொல்லித் தராங்க. ஓனர் சார் கிரைண்டருக்குக் கிளவுஸ் வாங்கி மாட்டியிருக்கேன்னு சொல்றாரு. எது சரி?

பழைய சாணை
கேட்டியா, சின்னப் பையன் சரியாக் கேக்குறான்.

துவாஸ் தமிழன்
தம்பி, உங்க வாத்தியார் சொன்னது லேத்துக்கும் ட்ரில்லிங் மிஷினுக்கும் நூறு சதவீதம் சரி. அங்க மிஷின் நிலையா நிக்குது, உன் கைதான் சுத்துற இடத்துக்குப் போகுது. கிளவுஸ் நுனி சிக்கினா கை மொத்தமும் உள்ள போயிரும். கிரைண்டர்ல ரெண்டு கையும் மிஷினைத்தான் பிடிச்சிருக்கணும், அதாவது சைடு ஹேண்டில் இருந்தா. அதுல கையோட ஒட்டின தோல் கிளவுஸ் போடலாம். நூல் பிரியிற வெள்ளைப் பின்னல் கிளவுஸ் ஆகாது. கப் பிரஷ், அதான் சுத்துற கம்பி பிரஷ் போட்டுத் துரு எடுக்குறப்ப இன்னும் மோசம், அது கிளவுஸை மட்டுமில்ல, சட்டை நுனியையும் லுங்கியையும் சேர்த்து இழுக்கும்.

சிங்கப்பூர் ஷிப்யார்டுல ஒன்பது வருஷம் இருந்தவன் நான். பெர்மிட் இல்லாம மிஷினை பிளக்குல சொருக முடியாது, கார்டு இல்லாத கிரைண்டரைப் பார்த்தா அங்கேயே டேக் போட்டு எடுத்துட்டுப் போயிருவாங்க. ஊருக்கு வந்தா மச்சான் லுங்கியைக் கட்டிக்கிட்டு, ரப்பர் செருப்போட, பைப்பைக் கால் பெருவிரல்ல மிதிச்சு வெட்டிக்கிட்டு இருக்கார்.

ஓனர் அண்ணனுக்கு ஒரு கணக்கு. நாலு இஞ்ச் மிஷின் சும்மா ஓடுறப்ப நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுத்து. அதுல நாலு இஞ்ச் வீல் போட்டா வீலோட விளிம்பு நொடிக்கு 57 மீட்டர் போகும், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. அஞ்சு இஞ்ச் போட்டா 72 மீட்டர். வீல்ல அச்சடிச்சிருக்கிற உச்ச வரம்பு 80. அப்ப வேகத்துல அஞ்சு இஞ்ச் வீல் தப்பிச்சுக்குது, ஆனா கார்டுக்குள்ள அடங்காது. கார்டைக் கழட்ட வச்சதே அந்த வீல்தான். சில பேர் ஏழு இஞ்ச் வீலையே நாலு இஞ்ச்ல மாட்டுறாங்க. அது 100 மீட்டரைத் தாண்டிரும், வெட்டவே வேணாம், வெறுமனே சுத்தியே சிதறலாம்.

அந்தப் பையன் கண்ணாடி போட்டிருந்தாலும் கன்னம் கிழிஞ்சிருக்கும். கார்டு இருந்திருந்தா அந்தத் துண்டு பெரும்பாலும் கார்டுல அடிச்சு நின்னிருக்கும். முதல்ல கார்டு, அதுக்கு மேலதான் கண்ணாடி, ஷீல்டு எல்லாம்.

பழைய சாணை
கிரில்லுக்குள்ள ரெண்டு பட்டைக் கம்பிக்கு நடுவுல மூணு இஞ்ச் இடைவெளி. கார்டோட அதுக்குள்ள எப்படிப் போவீங்கன்னு ஷிப்யார்டுக்காரர் சொன்னா தெரிஞ்சுக்குவேன்.

துவாஸ் தமிழன்
அங்க கிரைண்டரே போகாது அண்ணே. சின்னக் கல்லு வச்சு நேரா நீண்டிருக்கிற ஸ்ட்ரெய்ட் கிரைண்டர் இருக்கு, அரம் இருக்கு. இல்லேன்னா மாட்டுறதுக்கு முன்னாடியே பிசிறு எடுத்துட்டு மாட்டணும்.

பழைய சாணை
அரம் போட்டு எடுத்தா ஒரு கேட்டுக்கு நாலு நாள் ஆகும். நாலு நாள் கூலி உங்க ஷிப்யார்டு கொடுக்குமா?

கிலோ ரேட்
இப்பதான் விஷயத்துக்கு வந்தீங்க. நான் ஓனர் இல்ல, கிலோ கணக்குல கூலி வாங்கிக் கட்டித் தர்றவன். கண்ணாடி போடலன்னா அரை நாள் கூலி கட்டுன்னு எழுதப் போறாராம். சார், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ மே மாசம் ரெண்டு மணிக்கு ஃபேஸ் ஷீல்டு மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. வேர்வை ஆவி படிஞ்சு கோடு தெரியாது. கோடு தெரியலன்னா வெட்டு கோணும், கோணின பைப் காசு எங்க தலையில. கண்ணைக் காப்பாத்தவா, காசைக் காப்பாத்தவா?

சில ஓனருங்க போட்டோ எடுக்கிற அன்னிக்கு மட்டும் ஹெல்மெட்டு, ஜாக்கெட்டு எல்லாம் மாட்டி விடுவாங்க. மறுநாள் எல்லாம் பெட்டிக்குள்ள. ஆறு பேர் பட்டறைக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு கட்டாயம் கிடையாது, பத்துப் பேர் வேணும். ஏழு தையலுக்குக் காசு யார் கொடுத்தது? கேக்கலாமா?

துவாக்குடி பட்டறை
நான்தான் கொடுத்தேன். வீட்ல இருக்கிற நாளுக்குக் கூலியும் கொடுக்குறேன். போட்டோ எடுக்கிற ஆள் நான் இல்லீங்க.

கிலோ ரேட்
சரி, அப்ப மன்னிச்சுக்கோங்க. ஆனா இன்னொன்னு கேக்கணும். ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் பைப்பை நேரா வெட்டுறதுக்கு எதுக்குக் கை கிரைண்டர்? மேசை மேல நிக்கிற வெட்டு மிஷின், சாப் சா இல்லையா பட்டறையில? 14 இஞ்ச் வீல்ல ரெண்டு செகண்டு வேலை அது. அது இருக்கிறப்ப எந்தப் பைத்தியக்காரனும் கார்டைக் கழட்டி அஞ்சு இஞ்ச் மாட்ட மாட்டான்.

துவாக்குடி பட்டறை
இருக்கு. மோட்டாருக்குள்ள சுத்துற ஆர்மேச்சர் எரிஞ்சு போய் ரெண்டு மாசமாச்சு. சீசன் முடியட்டும்னு விட்டுட்டேன்.

கிலோ ரேட்
அவ்வளவுதான் சார்.

துவாஸ் தமிழன்
அவ்வளவுதான்னு முடிச்சிர முடியாது. சாப் சா வந்தாலும் பிசிறு எடுக்க, வெல்டைச் சமப்படுத்தக் கை கிரைண்டர் வேணும்ல? ஆவி படியிறது நிஜமான புகார்தான், அதுக்கு வழி இருக்கு. பக்கவாட்டுல காத்துப் போற கண்ணாடி, மேல நெத்தியிலேருந்து தள்ளி நிக்கிற ஷீல்டு. கண்ணாடி வாங்குறப்ப ஈ.என். 166ங்கிற ஐரோப்பியத் தர முத்திரை பாருங்க. எஃப் எழுத்து இருந்தா நொடிக்கு 45 மீட்டர்ல வர்ற சின்ன இரும்புக் குண்டைத் தாங்கும், பி இருந்தா 120. ரோட்டோரக் கூலிங் கிளாஸ் எதையும் தாங்காது. உடைஞ்சா அதோட சில்லும் சேர்ந்து கண்ணுக்குள்ள போகும்.

ஃபிட்டர் ரெண்டாம் வருஷம்
கரண்டு போயிட்டு வர்றப்ப மிஷின் தானா ஓடுதே, அது? போன மாசம் எங்க தெரு வெல்டிங் கடையில கட்டிங் பண்றப்ப கரண்டு போச்சு. ஸ்விட்சைத் தள்ளாம தரையில வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. கரண்டு வந்ததும் மிஷின் தரையில துள்ளிக்கிட்டு வந்து ஒயரை அதுவே வெட்டிக்கிச்சு.

பழைய சாணை
ஹா, அது எல்லாப் பட்டறையிலயும் ஒரு தடவையாவது நடக்கும். தள்ளு ஸ்விட்ச் வச்ச மிஷினுக்கு இந்த வியாதி உண்டு. கரண்டு போனதும் முதல் வேலை ஸ்விட்ச், ரெண்டாவது பிளக், மூணாவதுதான் டீ. வீல் மாத்துறப்பவும் பிளக்கைப் பிடுங்கணும். நிறையப் பட்டறையில ஸ்பேனர் தொலைஞ்சு, ஆணியை வச்சுத் தட்டி நட் முறுக்குறானுங்க, அதையும் எவனும் எழுதல இங்க. பழைய வீலோட நடு வளையத்துல மாசமும் வருஷமும் அடிச்சிருக்கும், ரெசின் பசை வச்சு ஒட்டின இந்த மாதிரி வீலுக்கு மூணு வருஷம்தான். மழையில நனைஞ்ச வீலையும் தூக்கிப் போடணும். இதெல்லாம் தெரிஞ்சவன்தான் நான். தெரியாதவன் மாதிரிப் பேசுறீங்க எல்லாரும்.

கண்ணாஸ்பத்திரி அக்கா
தெரிஞ்சவர்னு தெரியுதுண்ணே, அதான் உங்ககிட்ட வம்பு பண்றேன். பைப் எப்படித் தொய்யும்னு உங்களுக்குத் தெரியும். பொறி எந்த மூலையில பட்டுத் திரும்பும்னு எப்படித் தெரியும்? எங்ககிட்ட வர்றவங்கள்ல வெட்டினவர் மட்டும் இல்ல, பக்கத்துல பைப் பிடிச்சவர், டீ கொண்டு வந்த பையன் எல்லாரும் உண்டு. அவங்க எல்லாம் ஒதுங்கி நிக்கக் கத்துக்கிட்டவங்களா?

கண்ணாடியைக் கழட்டுறப்பவும் கவனம். தலையிலயும் புருவத்துலயும் ஒட்டின துகள் அப்பத்தான் விழும். முகத்தை முதல்ல கழுவுங்க, கண்ணைக் கசக்காதீங்க. இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனா பட்டறை வேலை பார்த்தீங்களான்னு கேப்பாங்க. வேறெதுக்கோ கேக்குறாங்கன்னு நினைச்சு இல்லன்னு சொல்லிராதீங்க. கண்ணுக்குள்ள பழைய இரும்புத் துகள் தங்கியிருந்தா அந்தக் காந்தம் அதை அசைச்சிரும்.

துவாக்குடி பட்டறை
சாயங்காலம் பையனைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஏண்டா கண்ணாடி போடலன்னு கேக்கல, ஏண்டா அஞ்சு இஞ்ச் போட்டேன்னு கேட்டேன். நாலு இஞ்ச்ல பைப்பை ரெண்டு தரம் திருப்பி வெட்டணும், 60 துண்டு இருந்துச்சு, நீங்க ஏழு மணிக்கு லோடு ஏத்தணும்னீங்கன்னான். ஏத்தணும்னு சொன்னது வாஸ்தவம்.

ஆர்மேச்சர் காயில் கட்டக் கொடுத்தாச்சு, வெள்ளிக்கிழமை தர்றாங்களாம். பட்டறையில இருந்த அஞ்சு இஞ்ச் வீல் பதினோரு எண்ணம், உடைச்சுப் போட்டுட்டேன். கார்டு மூணு மிஷினுக்குக் காணோம், கடையில தனியா வாங்குறேன். போர்டு எழுதல. கண்ணாடி விஷயத்துல இன்னும் ஒரு முடிவுக்கு வரல, முதல்ல நான் போட்டுக்கிட்டு நிக்கப் போறேன்.

கிலோ ரேட்
ஒரு பெடஸ்டல் ஃபேனும் வாங்குங்க சார். ஷீட்டுக்குக் கீழ அதுவும் சேப்டிதான்.

பழைய சாணை
ஆஸ்பத்திரிப் பொண்ணே, ஒரு சந்தேகம். வர்ற மாசம் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்காங்க. இடுப்புக்குத்தானே, கண்ணுக்கு என்ன வந்துச்சு?

கண்ணாஸ்பத்திரி அக்கா
படுக்கிறப்ப கண்ணும் அந்தக் காந்தத்தோட இழுப்புக்குள்ளதாண்ணே இருக்கும். எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டயும் ஸ்கேன் சென்டர்லயும் "பட்டறை வேலை, கண்ணுல பத்துப் பதினஞ்சு தடவை பொறி விழுந்திருக்கு"ன்னு இதே வார்த்தையில சொல்லுங்க. முதல்ல கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க. துணி முனையில எடுத்ததையும் மறைக்காம சொல்லுங்க.