வெக்டர் தடுப்பூசிக்குத் தமிழ்ச் சொல்: கடத்தியா, ஏந்தியா, காவியா?

செவிலியர் ஆசிரியை, திருநெல்வேலி:

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை முதலாண்டு மாணவிகளுக்குத் தடுப்பூசி வகைகள் பற்றி வகுப்பு. சுவரில் மாட்ட ஓர் அட்டவணை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள். கொரோனாவுக்கு நம் நாட்டில் போட்டவற்றையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்: கோவாக்சின், கோவிஷீல்டு, ஸ்புட்னிக், அப்புறம் 2022 மார்ச்சில் 12 முதல் 14 வயதுக்காரர்களுக்குத் தொடங்கிய கோர்பிவேக்ஸ். வெளிநாட்டுக்கு ஃபைசர்.

இரண்டு இடத்தில் நிற்கிறேன். கோவாக்சினில் இருப்பது முழு வைரஸ். பெருக முடியாதபடி வேதிப்பொருளால் ஆக்கப்பட்டது. கையில் இருக்கும் மொழிபெயர்ப்பில் 'செயலிழந்த தடுப்பூசி' என்று இருக்கிறது. போன வருடம் அதைப் படித்துவிட்டு ஒரு மாணவி, "காலாவதி ஆனதா மிஸ்?" என்று கேட்டாள். கோவிஷீல்டு ஆங்கிலத்தில் 'வைரல் வெக்டர்' வகை, அதாவது மரபணுவைச் சுமந்துவர வேறொரு வைரஸைப் பயன்படுத்துவது. அதற்கு 'வைரஸ் திசையன் தடுப்பூசி' என்று போட்டிருக்கிறார்கள். திசையன் கணக்குப் பாடத்துச் சொல் அல்லவா? ஞாயிறு இரவுக்குள் சொல் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அம்மா, முதலாவது இலக்கணச் சிக்கல். பெயரெச்சம் தன்னை அடுத்து நிற்கும் பெயரைத்தான் தழுவும். செயலிழந்தது நுண்மி, பழி விழுந்தது ஊசியின் மேல். 'முடக்கிய தீநுண்மித் தடுப்பூசி' என்று எழுதுங்கள். வைரஸ் வேண்டாம், ஸகரம் நமக்குத் தேவையே இல்லை.

இரண்டாவதற்குக் கடத்தி. கடத்து என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்தால் அந்தச் செயலைச் செய்வது என்று பொருள். கொசுவை நோய்க்கடத்தி என்று ஏற்கெனவே சொல்கிறோம். 'தீநுண்மிக் கடத்தித் தடுப்பூசி'. ககரமும் தகரமும் மிகும், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

மருந்தாளுநர், கோவை:

ஐயா, மன்னிக்கவும், இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021-இல் ஊசி போடும் அறைக்கு வெளியே நின்று மக்களுக்குப் பதில் சொன்னவன் நான். கையெழுத்துப் போடும்முன், "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். தீநுண்மி என்று சொல்லியிருந்தால் பாதி வரிசை கலைந்திருக்கும். கடத்தி என்றால் ஆள்கடத்தல்தான் நினைவுக்கு வரும்.

பொருளும் ஒட்டவில்லை. கோவிஷீல்டில் இருப்பது சிம்பன்சியிடமிருந்து எடுத்த அடினோவைரஸ். பெருகும் திறனை நீக்கி, கொரோனாவின் கூர்ப்புரதத்துக்கான (ஸ்பைக் புரதம்) மரபணுவை அதற்குள் வைத்திருக்கிறார்கள். நம் செல்லுக்குள் அதைச் சேர்ப்பதோடு வேலை முடிந்தது. கொசு நோயைக் கொண்டுவருகிறது. இது நோயை அடையாளம் காட்ட ஒரு மரபணுவைக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் ஒரே பெயரா? ஆகவே ஏந்தி. 'ஏந்தி வைரஸ் தடுப்பூசி' என்றால் பெயர் வைரஸ் என்ற சொல்லில் தொடங்காது. ஸ்புட்னிக்கை விளக்கவும் வசதி: அதன் இரண்டு ஊசியிலும் வெவ்வேறு அடினோவைரஸ், முதலில் 26ஆம் வகை, பிறகு 5ஆம் வகை. முதல் ஏந்தியை உடல் அடையாளம் கண்டு மடக்கிவிடக் கூடும் என்பதால் இரண்டாம் முறை ஏந்தியை மாற்றுகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:

எங்கள் பக்கம் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை: காவி. பிள்ளையைக் காவிக்கொண்டு போ, தண்ணீர்க் குடத்தைக் காவு என்று வீட்டிலேயே புழங்கும் வினை. கொசு நோய்க்காவி. கணக்கிலும் வெக்டரைக் காவிக்கணியம், ஸ்கேலாரை எண்ணிக்கணியம் என்றுதான் படித்தோம். லத்தீன் மூலத்துக்கும் சுமந்து செல்பவர் என்பதே பொருள். மரபணு, நோய், கணியம் மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பதால் தங்கச்சிக்கு வந்த திசையன் குழப்பம் எங்களுக்கு வராது. ஃபைசரில் உள்ள மெசஞ்சர் ஆர்.என்.ஏ.வையும் 'செய்திகாவும் ஆர்.என்.ஏ.' என்று எழுதலாம். அந்தக் குடும்பமே ஒன்றாகிவிடும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

காவு பழஞ்சொல், அதில் ஐயமில்லை. ஔவையார் அதியமான் வாயிலில் சினந்து பாடிய புறப்பாட்டில் 'காவினெம் கலனே' என்று வரும். கருவிகளைத் தோளில் தூக்கிவிட்டோம், புறப்படுகிறோம் என்று. கா என்பது இருபக்கமும் பாரம் தொங்கும் தண்டு. காவடியில் இருப்பதும் அந்தக் காதான். ஆனால் தஞ்சையில் இன்று காவு என்றால் பலி. விபத்துச் செய்தியில் 'ஐவரைக் காவு வாங்கியது' என்று வரும். காவி என்றால் துணியின் நிறம். எனக்குப் பிடித்த சொல்லை என் ஊரார் இழந்துவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

மருந்தாளுநர், கோவை:

தடுப்பூசி என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். குஜராத்தில் தயாரான சைகோவ்-டி ஊசியில்லாமல், தோலுக்குள் பீய்ச்சும் கருவியால் தருவது. மூக்கில் விடும் மருந்தும் வந்துவிட்டது. போலியோவுக்குச் சொட்டு மருந்து என்கிறோம். அப்படியானால் பொதுப்பெயர் தடுப்பு மருந்து என்றுதானே இருக்க வேண்டும்?

செவிலியர் ஆசிரியை, திருநெல்வேலி:

ஐயா, அதை எடுத்தால் அட்டவணையின் தலைப்பே போய்விடும். அடுத்த பருவத்தில் பார்க்கலாம். மாணவிகள் இரண்டு பேரிடம் தொலைபேசியில் கேட்டேன். ஏந்தி உடனே புரிந்தது. இப்போது வரைபலகையில் இருப்பது:

கோவாக்சின்: முடக்கிய வைரஸ் தடுப்பூசி.
கோவிஷீல்டு, ஸ்புட்னிக்: ஏந்தி வைரஸ் தடுப்பூசி.
கோர்பிவேக்ஸ்: புரதக்கூறுத் தடுப்பூசி. வைரஸே இல்லை, கூர்ப்புரதத்தின் ஒரு பகுதியை ஈஸ்டில் வளர்த்து எடுப்பது. மொழிபெயர்ப்பில் சப்யூனிட் என்பதற்கு இருந்த 'துணை அலகு' என்பதை விட்டுவிட்டேன்.
ஃபைசர்: தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி. அன்னத்தையும் நெஞ்சையும் தூது விட்ட மொழிக்கு இது அந்நியமாக இருக்காது.

தீநுண்மி பற்றி ஐயா வருந்த வேண்டாம். நுண்ணுயிரியல் பாடத்தில் அந்தச் சொல்லையும் சொல்லித்தருகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:

தங்கச்சி, உங்கள் வகுப்புக்கு ஏந்தி சரி. எனக்கு மனம் ஒப்பவில்லை என்பதைப் பதிந்துவைக்கிறேன். தட்டை ஏந்தியவர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். காவியவர் போய்ச்சேர்ந்து இறக்கிவைக்க வேண்டும். இந்த வைரஸ் செய்யும் வேலை இரண்டாவது. நான் எழுதும் கையேட்டில் காவி என்றே போடுகிறேன்.