கீஸ்டோனுக்குத் தமிழ்: பூட்டுக்கல்லா, முடிகல்லா?

அன்புள்ள குழுவினருக்கு,

சென்னை ராஜாஜி சாலைக் கட்டடங்களின் கையேட்டுக்காக, வளைவின் உச்சியில் வைக்கும் கல்லான 'கீஸ்டோன்' என்பதற்குத் தலைக்கல், பூட்டுக்கல் என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

தலைக்கல்லை முதலிலேயே கழித்துவிடலாம். ராயபுரத்தில் தேவாலயத்துக்குப் போகும் யாரைக் கேட்டாலும் 'மூலைக்குத் தலைக்கல்' என்று சங்கீத வசனத்தைச் சொல்லிவிடுவார்கள். மூலைக்குப் போய்விட்ட சொல்லை வளைவின் உச்சிக்கு இழுத்து வர வேண்டாம்.

பூட்டுக்கல்லுக்குத்தான் ஆதரவு அதிகம். ஆனால் அது 'கீ'யைப் பார்த்துச் செய்த சொல். வளைவைப் பார்த்துச் செய்ததல்ல. அந்த ஒரு கல்தான் மற்றவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. வேலை நடக்கும் விதம் வேறு. முதலில் மரத்தால் வளைந்த தாங்கி ஒன்றை நிறுத்துகிறார்கள். இரண்டு பக்கமும் கல் ஏறுகிறது. உச்சியில் ஒரு கல் அளவுக்கு இடைவெளி மிஞ்சுகிறது. கொத்தனார் அதற்கேற்றபடி கல்லைத் தேய்த்து, சுண்ணாம்புச் சாந்து தடவி, கரணையின் பிடியால் தட்டி இறக்குகிறார். பிறகு தாங்கியை எடுத்தால் எல்லாக் கல்லும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன; பாரம் இரு பக்கச் சுவர்களுக்கும் இறங்குகிறது. நடுவில் எந்தக் கல்லை உருவினாலும் வளைவு சரியும். உச்சிக்கல்லுக்கு உள்ள ஒரே தனிச்சிறப்பு, அது கடைசியில் வந்தது என்பதே.

ஆகவே முடிகல். உச்சியில் இருப்பதால் முடி. வேலையை முடிப்பதாலும் முடி. வினைத்தொகையாகக் கொண்டால் ஒற்று மிகாது. 'முடிக்கல்' என்று எழுத வேண்டாம். செங்கல் வளைவுக்கும் இது பொருந்தும். செங்கல்லையும் 'கல்' என்றுதானே கட்டட வேலையில் சொல்கிறோம்? ஆங்கிலத்துக்கு இந்த வசதி கிடையாது.

சிற்ப நூல்களிலிருந்து எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் கற்கோயில்கள் பெரும்பாலும் தூண், அதன் தலைமேல் வரும் போதிகை, அதற்கு மேல் கிடக்கும் கல் விட்டமான உத்தரம் என்று நேராகச் சுமை இறக்கும் கட்டுமானம். கோயில் விமானங்களில் காணும் 'கூடு' வளைவு வடிவந்தான், ஆனால் செதுக்கிய அலங்காரம், பாரம் தாங்காது. இல்லாத உறுப்புக்கு அங்கே பெயர் தேடிப் பயனில்லை.

இன்னொன்று: மேலே நான் தாங்கி என்று எழுதியதை, கையேட்டில் 'சென்ட்ரிங்' என்றே போடுங்கள். வளைவுக்குக் கொடுக்கும் முட்டுக்குத்தான் அது முதலில் பெயர். இன்று தளம் போடும் பலகைக்கு வந்து, தமிழ்நாடு முழுவதும் வழங்குகிறது. 'மையப்படுத்தல்' என்று யாராவது எழுதினால் மேஸ்திரி சிரிப்பார்.

---

மறுமொழி:

ஐயா, முடிகல்லுக்கு என் வாக்கு. ஆனால் அதைக் கையேட்டில் எங்கே போடப்போகிறோம்? ஸ்டேட் வங்கிப் பத்தியில் 'வளைவுகள் எல்லாம் முடிகல்லோடு அழகுற அமைந்துள்ளன' என்று ஒரு வரி இருக்கிறது. அதை நான் ஏற்கமாட்டேன். கூர்வளைவுகளில் பல சமயம் உச்சியில் கல்லே இருக்காது. இரண்டு பக்கக் கற்களும் சந்திக்கும் இணைப்புதான் இருக்கும். 1897இல் ஹென்றி இர்வின் வடிவமைப்பில் நம்பெருமாள் செட்டியார் கட்டியது அந்த வங்கிக் கட்டடம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் முடிந்த உயர் நீதிமன்றத்திலும் இதே இருவரின் கை உண்டு. இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த இந்தோ-சாரசெனிக் என்று சொல்லிவிட்டு எல்லா வளைவையும் ஒரே வகையாக எழுதினால், சாலையில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர் நம்மைத்தான் குறை சொல்வார்.

மதராஸ் வங்கி 1843இல் தொடங்கியது, 1921இல் இம்பீரியல் வங்கியில் சேர்ந்தது, 1955இல் ஸ்டேட் வங்கி ஆனது என்ற வரலாறு ஒரே வரியில் முடியட்டும். அந்த வரியை எல்லாக் கையேடும் எழுதுகிறது.

என் திருத்தம் இது: "வளைவுகளின் உச்சியைக் கவனியுங்கள். சிலவற்றில் முடிகல் இருக்கலாம். சிலவற்றில் இரு பக்கக் கற்களும் நேரே சந்திக்கலாம்." சம்மதமானால் அச்சுக்கு அனுப்பிவிடுகிறேன். அடுத்தடுத்த இரண்டு வளைவுகளுக்கு இடையில் மேலே வரும் முக்கோண இடத்துக்கு இன்னும் பெயர் வரவில்லை; 'தோள்' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன்.