சென்ட்ரல் ஏசி ஓடுகிறது, வீடு குளிரவில்லை, குழாயில் ஐஸ், ஜன்னல் மேல் தண்ணீர் சொட்டுகிறது. உதவி தேவை

நெல்லைக்காரன்_கேட்டி

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். போன வருஷம் வாங்கிய வீடு, 2006-இல் கட்டியது. 4 டன் சென்ட்ரல் ஏசி. கம்ப்ரசர் இருக்கும் வெளி யூனிட் பக்கவாட்டுச் சுவரோரம் நிற்கிறது. காற்றைக் குளிர்விக்கும் காயில், ஊதுவிசிறி, ஹீட்டர் எல்லாம் அட்டிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள பரணில். வெளி யூனிட்டை முந்தைய சொந்தக்காரர் 2015-இல் மாற்றியிருக்கிறார், ஸ்டிக்கரில் குளிரூட்டும் கேஸ் ஆர்-410ஏ என்று இருக்கிறது.

மூன்று நாளாகத் தொல்லை. தெர்மோஸ்டாட்டில் 75 வைத்தால் மதியம் 82 காட்டுகிறது (ஃபாரன்ஹீட்). ராத்திரி முழுக்க ஓடியும் 79-க்குக் கீழே இறங்கவில்லை. அறைக்குள் குளிர்காற்று வரும் வென்ட்டில் கையை நீட்டினால் காற்று வருகிறதா இல்லையா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வெளியே கறுப்புப் பஞ்சு சுற்றிய தடிமனான செம்புக் குழாயில், பழைய ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் படியுமே, அந்த மாதிரி வெள்ளையாக ஐஸ். படுக்கையறை ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வெள்ளைக் குழாயில் நேற்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, "தண்ணி வந்தா ஏசி நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்டா" என்கிறார்.

ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். கால் மணி நேரம் இருந்தார். மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு கேஸ் குறைவு, 3 பவுண்டு ஏற்ற வேண்டும் என்றார். போகும்போது, இந்த கேஸையே தடை செய்துவிட்டார்கள், மொத்தமாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று விலைப்பட்டியலும் கொடுத்தார். என்ன செய்வது?

ஃபீனிக்ஸ்_வெயில்

ஐஸ் என்றாலே கேஸ் குறைவுதான். எங்களுக்கும் இப்படித்தான் ஆனது, ஏற்றியதும் சரியாகிவிட்டது. வெளி யூனிட்டில் கெபாசிட்டரையும் (மோட்டார் கிளம்ப மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன டப்பா) பாருங்கள். ஆன்லைனில் வாங்கி நாமே மாட்டலாம், நாலு ஒயர்தான்.

டக்ட்_அண்ணாச்சி

டாலஸ் பக்கம் 18 வருஷமாக இதே வேலைதான் பார்க்கிறேன். தம்பி, முதலில் ஏசியை நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட்டில் 'கூல்' என்பதை 'ஆஃப்' செய்து, ஃபேனை மட்டும் 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்'-க்கு மாற்றுங்கள். வெளி யூனிட் நிற்கும், உள் ஊதுவிசிறி மட்டும் ஓடி ஐஸை உருக்கும். ஐந்தாறு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். வெந்நீர் ஊற்றுவது, கத்தியால் சுரண்டுவது எல்லாம் வேண்டாம், காயிலின் தகடு காகிதம் மாதிரி மெல்லிசு. ஐஸோடு இப்படியே 'கூல்'-இல் ஓட்டிக்கொண்டிருந்தால் கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பும். கம்ப்ரசரால் திரவத்தை அமுக்க முடியாது, அப்புறம் அந்த விலைப்பட்டியல் நிஜமாகிவிடும்.

அப்பா சொன்னது ஜன்னல் ஏசிக்குச் சரி. உங்கள் வீட்டில் அந்தக் குழாயில் தண்ணீர் வரவே கூடாது. காயிலுக்கு அடியில் முதல் தட்டு ஒன்று இருக்கும். அதன் வடிகால் உள்ளுக்குள்ளேயே போய், உங்கள் ஊர்ப் பக்க வீடுகளில் பெரும்பாலும், குளியலறை வாஷ்பேசினின் அடிக்குழாயில் சேர்ந்துவிடும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிந்து, யூனிட்டுக்கு அடியில் உள்ள பெரிய தகரத் தட்டில் விழும். அந்த இரண்டாவது தட்டின் குழாயை வேண்டுமென்றே ஜன்னலுக்கு மேலே, வீட்டுக்காரர் கண்ணில் படுகிற இடத்தில் கொண்டுவந்து விடுவார்கள். அது சொட்டினால் அபாய மணி. அந்தத் தட்டும் அடைத்தால் அடுத்தது உங்கள் படுக்கையறை சீலிங். ஐஸ் உருகும்போது தண்ணீர் இன்னும் அதிகமாக வரும், ஜன்னலடியில் வாளி வையுங்கள், மணிக்கொரு தரம் தட்டைப் பாருங்கள்.

இப்போது கேஸ் விஷயம். காயிலில் ஐஸ் இருக்கும்போது மீட்டர் மாட்டினால் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். கேஸ் குறைந்தாலும் அப்படி, காற்றோட்டம் குறைந்தாலும் அப்படி. ஐஸ் உருகாமல், ஃபில்டரைப் பார்க்காமல் "கேஸ் குறைவு" என்று சொன்னவர் காய்ச்சல்காரனுக்கு நாடி பார்க்காமல் ஊசி போடுகிறார். கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் ஏற்றினால் காசு காற்றில்.

எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். என்ன ஃபில்டர் போட்டிருக்கிறீர்கள்? எந்த அறை வென்ட்டையாவது மூடி வைத்திருக்கிறீர்களா? காற்றை உள்ளே இழுக்கும் பெரிய ரிட்டர்ன் ஜாலி எங்கே இருக்கிறது, அதை ஏதாவது மறைக்கிறதா?

ஃபீனிக்ஸ் தம்பி, நாலு ஒயர்தான். ஆனால் மின்சாரத்தை அணைத்த பிறகும் அந்த டப்பாவுக்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். வெளி யூனிட்டுக்கு வருவது 240 வோல்ட். மீட்டர் பிடிக்கத் தெரியாதவரிடம் "நீங்களே மாட்டுங்கள்" என்று எழுதாதீர்கள்.

ஃபீனிக்ஸ்_வெயில்

சரிங்க அண்ணாச்சி. எனக்கு மாட்டியது பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், அதைச் சொல்லாமல் விட்டது தப்புதான்.

நெல்லைக்காரன்_கேட்டி

அண்ணாச்சி, நிறுத்திவிட்டேன், வாளியும் வைத்தாயிற்று. பெரியவர்களை இன்றிரவு நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஃபில்டர்: ரிட்டர்ன் ஜாலி மாடி ஹாலின் சீலிங்கில், ஒன்றே ஒன்றுதான். 20-க்கு 30, ஒரு அங்குலம். மகளுக்கு வீசிங் இருப்பதால் மெர்வ் 13 போடுகிறேன் (மெர்வ் எண் கூடக் கூட நுண்ணிய தூசியையும் பிடிக்கும்). மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. வென்ட்: ஆளில்லாத இரண்டு அறைகளை மூடி வைத்திருக்கிறேன், கரண்ட் மிச்சமாகும் என்று. ஜாலிக்கு முன்னால் எதுவும் இல்லை.

டக்ட்_அண்ணாச்சி

பாதி விடை கிடைத்துவிட்டது. ஒரு டன்னுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று காயில் மேல் ஓட வேண்டும், உங்களுக்கு 1,600. மெர்வ் 13 நல்ல ஃபில்டர்தான், ஆனால் ஒரு அங்குலத்தில் அவ்வளவு நெருக்கமாகப் பின்னினால் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி. போதாததற்கு வென்ட்டையும் மூடினீர்கள். கரண்ட் மிச்சமாகாது, கம்ப்ரசர் அதே 4 டன்னுக்குத்தான் ஓடுகிறது. காற்று குறைந்தால் காயில் உறைநிலைக்குக் கீழே போகும், அதன் மேல் படியும் ஈரம் ஐஸாகும், ஐஸ் மேலும் காற்றை அடைக்கும். ஹூஸ்டன் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆனாலும் மெர்வ் 13 மட்டும் இந்த அளவுக்குக் கொண்டுவிடாது என்று மனசு சொல்கிறது. நாளை விடிகாலையில் அட்டிக் ஏறுங்கள். மதியம் ஏறாதீர்கள், அங்கே 130 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகும், ஆள் மயங்கி விழுவார். ஏணியடியில் ஒருவர் நிற்கட்டும். பலகை போட்ட இடத்தில் மட்டும் கால் வையுங்கள். வெப்பம் தடுக்கப் பரப்பிய பஞ்சுக்கு அடியில் இருப்பது வெறும் ஜிப்சம் சீலிங், நேராகக் கீழே வந்துவிடுவீர்கள். யூனிட் பக்கத்தில் லைட் சுவிட்ச் மாதிரி ஒன்று இருக்கும், அதையும் கீழே பிரேக்கரையும் அணைத்துவிட்டு, ஊதுவிசிறிப் பெட்டி ஓரத்தில் ஃபில்டர் செருகும் சந்து இருக்கிறதா பாருங்கள். ஜாலியில் ஒன்று, யூனிட்டில் ஒன்று என்று இரண்டு இடம் உள்ள வீடுகளில் மேலே உள்ளதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

கோவை_புதுவீடு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கோவையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபால்ஸ் சீலிங்குக்குள் டக்டபிள் ஏசி (ஒரே யூனிட்டிலிருந்து டக்ட் வழியாகப் பல அறைகளுக்குக் காற்று அனுப்புவது) போடலாம் என்று ஆர்க்கிடெக்ட் சொல்கிறார். இதைப் படித்தால் பயமாக இருக்கிறது. போடலாமா?

நெல்லைக்காரன்_கேட்டி

அண்ணாச்சி, நீங்கள் மந்திரவாதி.

காலை ஆறு மணிக்கு ஏறினேன். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தகர மூடி, டேப் போட்டு ஒட்டியிருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு ஃபில்டர்! ஃபில்டர் என்று சொல்லக்கூடாது, கரிப்பிடித் துணி. நடுவில் தொய்ந்து, விசிறிப் பக்கம் பை மாதிரி உள்ளே இழுபட்டிருந்தது. அட்டை ஓரத்தில் மார்க்கரில் யாரோ எழுதிய தேதி: 3/2019. வீடு வாங்கும்போது இன்ஸ்பெக்‌ஷன் செய்தவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வெளியே எடுத்ததும் கையெல்லாம் கறுப்பு, அரை மணி நேரம் தும்மல்.

பெரிய தகரத் தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. காயில் பக்கத்தில் ஐஸ் முழுக்க உருகிவிட்டது. வடிகாலை எப்படிச் சுத்தம் செய்வது? பிளீச் ஊற்றலாம் என்று வீடியோவில் பார்த்தேன்.

டக்ட்_அண்ணாச்சி

2019! நான் பார்த்ததில் இதுவே மோசமில்லை, ஒரு வீட்டில் ஃபில்டர் கிழிந்து விசிறிக்குள்ளேயே போய்விட்டிருந்தது.

பிளீச் வேண்டாம். அதன் நெடி ஊதுவிசிறி வழியாக வீடு முழுக்கப் போகும், மகளுக்கு வீசிங் என்கிறீர்கள். உலோகத்தையும் அரிக்கும். முக்கியமாக, பிளீச்சும் வினிகரும் ஒரே குழாயில் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். வடிகால் குழாய் யூனிட்டிலிருந்து கிளம்பும் இடத்தில், மேலே மூடி போட்ட 'T' வடிவக் குழாய் இணைப்பு ஒன்று நிற்கும். தண்ணீர் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் வாயை அங்கே வைத்து, சுற்றிலும் துணியால் இறுக்கிப் பிடித்து இரண்டு மூன்று நிமிஷம் இழுங்கள். அப்புறம் வெந்நீர், கொதிநீர் இல்லை, மெதுவாக ஊற்றுங்கள். தடையில்லாமல் போனால் ஒரு கப் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி தண்ணீர். கோடையில் மாதம் ஒரு தரம் இந்த வினிகர் போதும். பெரிய தட்டில் நிற்கும் தண்ணீரையும் இழுத்துவிடுங்கள். அதன் குழாய் வாயிலும் தூசி நின்றிருக்கும், துடையுங்கள்.

மேல் சந்தில் இனி ஃபில்டர் வேண்டாம், மூடியை மட்டும் காற்று கசியாமல் போடுங்கள். ஜாலியில் மெர்வ் 8. வீசிங்குக்கு மகள் அறையில் தனியாக ஏர் பியூரிஃபையர் வையுங்கள். மெர்வ் 13-தான் வேண்டுமென்றால் நாலு அங்குல ஃபில்டர் பிடிக்கும் பெட்டி கட்ட வேண்டும், அது பிறகு. எல்லா வென்ட்டையும் திறந்துவிட்டு ஓட்டுங்கள். இருபது நிமிஷம் கழித்து ரிட்டர்ன் ஜாலியிலும் யூனிட்டுக்குப் பக்கத்து வென்ட்டிலும் சமையல் தெர்மாமீட்டரால் அளந்து சொல்லுங்கள். ஒருமுறை நிறுத்தினால் ஐந்து நிமிஷமாவது கழித்துத்தான் மறுபடி போட வேண்டும். பிரேக்கர் விழுந்தால் ஒரே ஒரு தரம் தூக்கிப் பார்க்கலாம், மறுபடி விழுந்தால் கையைக் கட்டிக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கோவை சார், பயப்பட வேண்டாம், ஆனால் யோசியுங்கள். இங்கே வீடு முழுக்கக் குளிரூட்டுவது பழக்கம், அதனால் சென்ட்ரல். நம் ஊரில் ராத்திரி இரண்டு படுக்கையறை, மதியம் ஒரு ஹால், அவ்வளவுதானே? டக்டபிள் போட்டால் ஒரு அறைக்காக மொத்த யூனிட்டும் ஓடும். என் வீடாக இருந்தால் அறைக்கு அறை இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட். போட்டே தீருவதென்றால், சதுர அடியை வைத்து டன் சொல்கிறவரை நம்பாதீர்கள். மேற்குச் சுவர், மொட்டை மாடி, ஜன்னல் எல்லாம் கணக்கெடுத்து எழுத்தில் கேளுங்கள். பெரிதாகப் போட்டால் சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், ஈரம் இழுக்காது, ஜில்லென்று பிசுபிசுக்கும். வடிகாலுக்கு ஒரு அடிக்கு எட்டில் ஒரு அங்குலமாவது சரிவு வேண்டும், சீலிங் மூடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றி உங்கள் கண்ணால் பாருங்கள். யூனிட்டுக்கு நேர் கீழே ஆள் நுழையும் கதவு கட்டாயம். அழகு கெடும் என்று ஆர்க்கிடெக்ட் மறுப்பார், விடாதீர்கள். செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓட வேண்டும், கேஸ் விடுவதற்கு முன் வேக்குவம் பம்பால் குழாயிலுள்ள காற்றை இழுத்து, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்க வேண்டும். "கேஸைக் கொஞ்சம் விட்டுக் காற்றைத் தள்ளிவிடலாம் சார்" என்றால் ஆளை மாற்றுங்கள்.

கோவை_புதுவீடு

மிக்க நன்றி. கதவு விஷயத்தில் இன்றே சண்டை ஆரம்பித்துவிட்டது.

நெல்லைக்காரன்_கேட்டி

வேக்குவத்தில் வந்தது பழுப்பு நிறத்தில், ஊறிப்போன சேமியா மாதிரி பாசி, அரை டம்ளர் இருக்கும். கடைசியில் 'களுக்' என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் தண்ணீர் தங்குதடையின்றிப் போகிறது. குளியலறையில் நின்ற மனைவி, வாஷ்பேசினுக்குள் சத்தம் கேட்கிறது என்று கத்தினாள்.

ரிட்டர்னில் 79, வென்ட்டில் 60. சாயங்காலம் நாலு மணிக்கு வீடு 75-ஐத் தொட்டது. குழாயில் ஐஸ் இல்லை, வெறும் வியர்வைதான்.

இரண்டு கேள்வி. கேஸைப் பார்க்க ஆள் கூப்பிடவா? அந்தத் தடை விஷயம் உண்மையா?

டக்ட்_அண்ணாச்சி

19 டிகிரி இறக்கம். 16-லிருந்து 22-க்குள் இருந்தால் நான் மீட்டரை எடுக்கவே மாட்டேன். குழாய் வியர்ப்பது சரி. இரண்டு வாரம் ஓட்டுங்கள், மறுபடி ஐஸ் பிடித்தால் மட்டும் கேஸ் பக்கம் பார்க்கலாம்.

தடை பாதி உண்மை. 2025 ஜனவரி 1-லிருந்து வீட்டு சென்ட்ரல் ஏசியை ஆர்-410ஏ-வுக்கென்று புதிதாகத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. ஏற்கெனவே வீட்டில் இருப்பதை ஓட்டலாம், பழுது பார்க்கலாம், கேஸும் கிடைக்கும். புது யூனிட்டுகளில் ஆர்-454பி அல்லது ஆர்-32 வருகிறது. அவை லேசாகத் தீப்பிடிக்கும் வகை, ஆகவே பழைய யூனிட்டில் யாராவது "புதுசு, நல்லா குளிரும்" என்று அதை ஏற்ற வந்தால் வாசலோடு அனுப்புங்கள். கேஸைத் தொடுகிறவரிடம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் (இ.பி.ஏ.) 608 சான்றிதழ் இருக்க வேண்டும். டெக்சாஸில் வண்டியில் டி.ஏ.சி.எல். என்று தொடங்கும் உரிம எண் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு செலவு செய்யுங்கள். பெரிய தட்டில் மிதவை சுவிட்ச். தண்ணீர் ஏறினால் ஏசியை அதுவே நிறுத்தும். உங்கள் வீட்டில் அது இல்லாததால்தான் தண்ணீர் சொட்டிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அட்டிக்கில் இருப்பது எரிவாயுவில் எரியும் ஹீட்டர் என்றால் படுக்கையறைகளுக்கு வெளியே கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள், குளிர்காலத்துக்கு முன்.

நெல்லைக்காரன்_கேட்டி

அலாரம் கீழே மட்டும்தான் இருக்கிறது, மாடிக்கு இன்றே வாங்குகிறேன். மிதவை சுவிட்சுக்கு வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார், உரிம எண்ணை ஃபோனிலேயே கேட்டுவிட்டேன். அப்பா காலையில் காபியோடு போய் ஜன்னலடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "காஞ்சு கிடக்குடா" என்று அறிக்கை தருகிறார்.