வெயிலும் புதுப்பனியும் சேர்ந்த நாளில் ஸ்கீ நண்பர்களைப் படம் எடுக்க (குல்மார்க்): செட்டிங், நிற்கும் இடம்?

மேகம்கலைந்தால் எழுதியது:

பிப்ரவரி நடுவில் நாலு பேர் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போறோம். எல்லாருமே புதுப்பனியில் தடுமாறாமல் சறுக்கத் தெரிஞ்சவங்க. கேமரா என் பொறுப்பு. ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) மிரர்லெஸ் ஒண்ணு, 18-135 லென்ஸ், ரெண்டு பேட்டரி. ராத்திரி பனி கொட்டி, காலையில் வானம் தெளிஞ்சா அந்த ஒரு நாளை வீணாக்கக் கூடாது. கேட்க வேண்டியது இதுதான்:

பனி ஏன் எப்பவும் அழுக்குச் சாம்பலா வருது, முகம் ஏன் கருத்துப் போகுது? தூள் எழும்பியதும் ஃபோகஸ் ஆளை விட்டுட்டுத் தூளைப் பிடிக்குதே, அதுக்கு வழி உண்டா? போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வாங்கணுமா? நான் எங்க நிக்கணும்?

மூன்றாம்ஸ்டாப் எழுதியது:

சாம்பல் பனிக்குக் காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் அதற்குத் தெரியும். ஃபிரேம் முழுக்க வெள்ளை என்றால் ஒன்றரை, சில சமயம் இரண்டு ஸ்டாப் வரை குறைத்துவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). ஆட்டோவில் எடுத்தால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1.3இல் தொடங்கி +2 வரை ஏற்ற வேண்டும். ஆனால் இந்த வேலைக்கு ஆட்டோவே வேண்டாம் என்பேன். ஒரே திருப்பத்தில் முதல் ஃபிரேமில் நீல வானம், நாலாவதில் பாதி ஃபிரேம் பனித்தூள், ஏழாவதில் கரும்பச்சை மரம். மீட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குப் போடும். வெயிலோ மாறவே இல்லை. மேனுவலில் பூட்டிவிடுங்கள்.

தொடக்க எண்கள்: வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து நேராகப் பனியில் விழுந்தால் ஐஎஸ்ஓ 200, லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் 1/1600 நொடி. பக்கவாட்டிலோ எதிரிலோ இருந்து வந்தால் ஒரு ஸ்டாப் திறந்து எஃப்/5.6. உங்கள் லென்ஸ் 135 மி.மீ.யில் அதற்கு மேல் திறக்காது, அதுவே போதும். பனித்தூளின் ஒவ்வொரு துகளும் உறைந்து நிற்க 1/1600க்குக் கீழே போகாதீர்கள். 1/1000இல் ஆள் கூர்மையாக வருவார், தூள் மட்டும் பஞ்சாகிவிடும்.

ஆள் வருவதற்கு முன் வெறும் சரிவை ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் எனக் காட்டும் வரைபடம்) பாருங்கள். பனியின் மேடு வலது ஓரத்தைத் தொடாமல், அதற்குச் சற்று இடப்பக்கம் நிற்க வேண்டும். சூரியன் பின்னால் இருக்கும் தூளில் சில புள்ளிகள் வெடித்து வெள்ளையானால் பரவாயில்லை, சரிவின் பரப்பு வெடிக்கக் கூடாது. மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் வசதி இருந்தால் சிவப்பையும் பாருங்கள். சிவப்பு ஜாக்கெட் நேர்வெயிலில் அந்த நிறத்தை மட்டும் முட்டவைத்து, துணி மடிப்பே தெரியாத ஒரு திட்டாக ஆக்கிவிடும். முகத்தின் இருட்டை அங்கேயே சரி செய்யப் பார்க்காதீர்கள். ரா (RAW) கோப்பாக எடுத்தால் நிழலை ஒரு ஸ்டாப் தாராளமாகத் தூக்கலாம். கீழேயிருக்கும் பனியே முகத்துக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஃபோகஸ்: தொடர் ஃபோகஸ், நடுவில் சிறு மண்டலம். முக்கியமானது தடங்கல் வந்தால் எவ்வளவு சீக்கிரம் ஆளை விடலாம் என்ற அமைப்பு. சோனியில் டிராக்கிங் சென்சிட்டிவிட்டியை 1க்கு இறக்குங்கள். நிக்கானில் லாக்-ஆன் 5 பக்கம், கேனானில் குறுக்கே வருவதைப் பொருட்படுத்தாத கேஸ் 2. கண் கண்டறிதல் காகிள்ஸுக்கு முன்னால் அவ்வளவாக எடுபடாது. நம்பினால் பாதி ஃபிரேம்களில் ஹெல்மெட்டுக்கும் பின்னாலிருக்கும் மரத்துக்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கும்.

தூள் மிக அதிகமான நாளில் இதைவிட உறுதியான வழி பழைய வழிதான். ஆள் திரும்பப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளையோ பனிக்கட்டியோ பார்த்து ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிக் காத்திருப்பது. ஏபிஎஸ்-சியில் எஃப்/5.6, 70 மி.மீ., 15 மீட்டர் தூரம் என்றால் முன்னும் பின்னும் ஒரு சில மீட்டர் கூர்மை கிடைக்கும், ஒரு திருப்பத்துக்கு அது போதும்.

பர்ஸ்ட் (அடுத்தடுத்துப் படங்கள்) நொடிக்கு 8 முதல் 10. திருப்பம் ஏறத்தாழ ஒரு நொடிதான். ஆள் கம்பை ஊன்றப் போகும்போது அழுத்தி, தூள் அடங்கும் முன் விரலை எடுங்கள். மேலிருந்தே அழுத்திக்கொண்டு வந்தால் சரியான நேரத்தில் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பிவிடும். எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், பெரும்பாலான கேமராக்களில் கைக்கம்பு வில்லாக வளைந்து வரும்.

சரிவோரம் எழுதியது:

செட்டிங் எல்லாம் மேலே சொல்லியாச்சு. ஆனா படம் கெடுறது பெரும்பாலும் நிக்கிற இடத்தில.

திருப்பத்தில் தூள் வெளிப்பக்கமாத்தான் தெறிக்கும், உடம்பு உள்பக்கமாச் சாயும். நீங்க வெளிப்பக்கம் நின்னா தூள்தான் கேமராவை நோக்கி வரும், ஆள் அதுக்குப் பின்னால மறைஞ்சு போவாரு. உள்பக்கம் நின்னா ஆள் உங்க பக்கம் சாய்ஞ்சு முகம் காட்டுவாரு, தூள் அவருக்குப் பின்னால விசிறியா விரியும். அதனால திருப்பம் எந்த இடத்தில, எந்தப் பக்கமா என்று முன்கூட்டியே பேசி வைக்கணும். "சும்மா இறங்கி வா, நான் பிடிச்சுக்கறேன்" என்றால் ஒண்ணும் தேறாது.

வரிசை இதுதான். முதல்ல படம் எடுக்கிறவர் இறங்கணும், சரிவின் ஓரமா. நடுவில் இறங்கினா உங்க தடமே படத்தின் முன்பகுதியைக் கெடுத்துடும். புதுப்பனிக்கு ரெண்டாவது டேக் கிடையாது. 15 முதல் 25 மீட்டர் பக்கவாட்டில், ஆள் திரும்பும் புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நில்லுங்க. நேர் கீழே நின்னு மேல பார்த்து எடுத்தாலும், நேர் மேலே இருந்து எடுத்தாலும் எவ்வளவு செங்குத்தான சரிவும் தட்டையாத்தான் தெரியும். பக்கத்தில் இருந்து எடுத்து, மரங்கள் நேரா நிக்கிற மாதிரி கேமராவைப் பிடிச்சாதான் சாய்வு தெரியும். பல படங்களில் சரிவு சப்பையாத் தெரிய, எடுத்தவர் தன்னையறியாம கேமராவைச் சரிவோட சேர்த்துச் சாய்ச்சதுதான் காரணம்.

திரும்ப வேண்டிய இடத்தை மேலேயிருந்து பார்த்தா ஒண்ணும் புரியாது, எல்லாம் வெள்ளை. நீங்க கீழேயிருந்து ஒரு பனிப்பந்தை எறிஞ்சு குழி காட்டலாம், இல்லாட்டி "ரெண்டாவது மரத்துக்கு ஒரு ஆள் நீளம் கீழே" என்று சொல்லலாம். தயார் என்றால் கம்பை ரெண்டு கையாலும் தலைக்கு மேல குறுக்கே தூக்குங்க. வாக்கி-டாக்கியை நம்பி மட்டும் இருக்காதீங்க. அடுத்தவர் முதல் தடத்துக்கு உங்க பக்கமா வரணும், அப்பதான் பழைய தடம் அவருடைய தூளுக்குப் பின்னால மறையும்.

இனி குல்மார்க் கணக்கு. கொண்டோலா (கேபிள் கார்) ரெண்டாம் கட்டம் போய்ச் சேரும் அஃபர்வத் சரிவு ஏறக்குறைய வடகிழக்கு பார்த்தது. பிப்ரவரி நடுவில் அங்க உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை, 12.45 சுமாருக்கு. அப்பக்கூட சூரியன் 43 பாகைதான் ஏறும். வடகிழக்குச் சரிவில் அது உரசினாப்பல விழும், பனியின் ஒவ்வொரு அலையும் நிழலோட தெரியும். காலை 10 மணிக்குக் கீழே நின்னு மேல பார்த்தா வெயில் இடப்பக்கம். ஒரு மணி சுமாருக்கு ஆளுக்குப் பின்னால போக ஆரம்பிக்கும், தூள் ஒளிரும் நேரம் அதுதான். 3 மணிக்குள்ள செங்குத்தான பகுதி எல்லாம் நிழல். அதனால 10இலிருந்து 1.30க்குள்ள முடிச்சுடுங்க.

ஒரு சிக்கல் உண்டு. பெரிய பனிக்கு அடுத்த காலை ரெண்டாம் கட்டம் உடனே திறக்காது. பனிச்சரிவு ஆபத்தைப் பேட்ரோல் (சரிவுப் பாதுகாப்புக் குழு) சோதிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், சில நாள் திறக்கவே திறக்காது. அப்ப முதல் கட்டம் முடியும் கோங்தூரிக்குக் கீழே இருக்கும் ஊசியிலைக் காட்டுக்குப் போங்க. அங்க ஒளி திட்டுத்திட்டா விழும். ஒரு வெயில் திட்டைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போஷரை அதுக்கு மட்டும் வெச்சு, நண்பரை அந்தத் திட்டுக்குள்ள திரும்பச் சொல்லுங்க. பின்னால மரநிழல் இருட்டா இருந்தா தூள் ஒவ்வொண்ணும் எண்ணுற மாதிரி வரும். வெள்ளைச் சரிவுக்கு முன்னால எடுத்த வெள்ளைத் தூளைவிட இது எவ்வளவோ மேல். என்னைக் கேட்டா மேலே திறந்திருந்தாலும் காட்டுக்குத்தான் போகச் சொல்வேன்.

நண்பர்கள் உடை சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று இருக்கட்டும். வெள்ளையும் வெளிர்சாம்பலும் பனியோட போயிடும், கருப்பில் உடம்பின் வடிவம் தெரியாது.

வெள்ளைச்சமநிலை எழுதியது:

போலரைசர் பற்றி யாரும் தொடவில்லை. வாங்காதீர்கள். அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கரும்நீலம். 18 மி.மீ.யில் போலரைசர் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் கருத்து மறுபக்கம் வெளுத்துத் திட்டாகும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமும் போகும், பனியின் மினுமினுப்பும் சாகும். அந்தப் பணத்துக்கு மூன்றாவது பேட்டரியும் லென்ஸ் ஹுட்டும் வாங்குங்கள். எதிர்வெயிலுக்கு ஹுட் கட்டாயம், தெறிக்கும் பனியையும் பாதி தடுக்கும்.

இன்னொன்று காகிள்ஸ். ஆரஞ்சு கண்ணாடி வழியே திரையைப் பார்த்து வெள்ளைச் சமநிலை சரிபார்த்தால் எல்லாம் தப்பாகும். போலரைஸ்ட் கண்ணாடி என்றால் சில கோணத்தில் திரை முழுக் கருப்பாகவே தெரியும், கேமரா செத்துவிட்டது என்று பதறுவார்கள். பகலொளி 5500இல் பூட்டிவிட்டு ஹிஸ்டோகிராமை மட்டும் நம்புங்கள். நிழலில் பனி நீலமாக வருவது தவறல்ல, வானத்தின் நிறம் அது. முழுக்க வெளுக்கவைத்தால் வெயில் பட்ட பகுதி மஞ்சளாகிவிடும்.

மேகம்கலைந்தால் எழுதியது:

ரொம்ப நன்றி. உள்பக்கம் வெளிப்பக்கம் விஷயம் யோசிக்கவே இல்லை. ரெண்டு சின்ன சந்தேகம்: கேமராவை ஜாக்கெட்டுக்குள்ள சூடா வெச்சுக்கலாமா? ஒரு நண்பர்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு, அதில் ஏதாவது தேறுமா?

மூன்றாம்ஸ்டாப் எழுதியது:

ஜாக்கெட்டுக்குள் வேண்டாம். வியர்வை ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படியும், வெளியே எடுத்ததும் உறையும். கேமரா குளிராகவே இருக்கட்டும், மார்பில் கட்டும் பையில் வையுங்கள். முதுகுப்பை என்றால் ஒவ்வொரு முறையும் கழற்றி இறக்குவதற்குள் எதிரே நிற்பவருக்குப் பொறுமை போய்விடும். சூடாக இருக்க வேண்டியது பேட்டரி மட்டும், அது உள்சட்டைப் பையில். குளிரில் 10 சதவீதம் காட்டும் பேட்டரியைத் தூக்கி எறியாதீர்கள், சூடேறினால் இன்னும் கொஞ்சம் ஓடும்.

லென்ஸில் பனி விழுந்தால் வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் அங்கேயே கண்ணாடிபோல் உறையும். ரப்பர் பல்ப் ஊதியால் தட்டிவிட்டு, மிச்சத்தை உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். மாலை அறைக்குள் நுழையும் முன், வெளியிலேயே கார்டை எடுத்துக்கொண்டு கேமராவை ஜிப் பையில் காற்றுப்புகாமல் மூடி, இரண்டு மணி நேரம் திறக்காமல் விடுங்கள்.

போன்: பனியைத் தொட்டு அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்று மேலே தள்ளவும். டிஜிட்டல் ஜூம் வேண்டாம், 2 அல்லது 3 மடங்கு தனி லென்ஸ் இருந்தால் அது. 10 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பர்ஸ்ட் சரிப்படாவிட்டால் 4கே, 60 ஃபிரேம் காணொளி எடுத்து அதிலிருந்து படம் பிரிக்கலாம்.

பனிக்கீழ்அடுக்கு எழுதியது:

எல்லாரும் படத்தையே பேசறீங்க. புதுப்பனி விழுந்து அடுத்த நாள் வெயில் என்றால் பனிச்சரிவுக்கும் அதுதான் நாள். குல்மார்க்கில் பேட்ரோல் கட்டுப்பாடு கொண்டோலாவை ஒட்டிய கிண்ணம் மாதிரியான சரிவோடு முடியுது, எல்லைக் கயிற்றுக்கு வெளியே எதுவும் சோதிக்கப்பட்டதல்ல. 2024 பிப்ரவரியில்கூட அங்க பனிச்சரிவில் வெளிநாட்டு ஸ்கீயர் ஒருவர் இறந்தார். நாலு பேருக்கும் பீக்கன் (புதைஞ்சவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் கருவி), மண்வெட்டி, புரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி). உள்ளூர் வழிகாட்டி ஒருத்தர்.

கேமராக்காரருக்குத் தனியா ஒண்ணு. நீங்க நிக்கிற இடம் சறுக்குறவருக்கு நேர் கீழே இருக்கவே கூடாது. அவர் கிளப்புற பனி முதல்ல வருவது உங்க மேலதான், நீங்களோ ஒரு கண்ணை மூடி வியூஃபைண்டரில் இருப்பீங்க. ஓடைப்பள்ளத்தில் நிக்காதீங்க, மேட்டு மேலயோ தடித்த மரத்துக்குப் பக்கமோ நில்லுங்க. ஒரு நேரத்தில் ஒருத்தர் மட்டும் சரிவில்.

பீக்கனை மார்பில் கட்டி அதுக்கு மேலேயே கேமராப் பையையும் போனையும் வைக்கிற பழக்கம் பல பேருக்கு. அனுப்பும் நிலையில் பீக்கனுக்கும் மின்கருவிகளுக்கும் 20 செ.மீ. இடைவெளி வேணும், தேடும் நிலையில் 50. பீக்கனைக் கால்சட்டையின் ஜிப் பைக்கு மாத்துங்க, அல்லது கேமராப் பையை இடுப்புக்கு இறக்குங்க. சூடேத்தும் கையுறைக்கும் இதே கணக்கு.

ட்ரோன் எண்ணம் இருந்தா விட்டுடுங்க. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு பக்கத்திலேயே இருக்கு, அனுமதியில்லாமப் பறக்கவிட்டா வழக்கு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம்மும் அங்க எடுக்காது, போஸ்ட்பெய்டு ஒண்ணாவது கையில் இருக்கட்டும். சாட்டிலைட் மெசஞ்சர் இந்தியாவுக்குள்ள அனுமதியில்லாமக் கொண்டு வரவே கூடாது, ஏர்போர்ட்டிலேயே பிடிச்சுடுவாங்க.