ஏழாவது படிக்கும் மகனுக்கு டி.சி. கொடுப்போம் என்கிறார்கள், என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு உதவி வேண்டும்.

என் மகன் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் கூடப் படிக்கும் பையனோடு கைகலப்பு. தப்புதான், அவனும் ஒத்துக்கொண்டான். ஆனால் மூன்று நாளாக வகுப்புக்கு வெளியே, வராந்தாவில் நிற்க வைத்திருக்கிறார்கள். நேற்று என்னைக் கூப்பிட்டு, "நீங்களாகவே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நடத்தை சரியில்லை என்று எழுதித் தருவோம்" என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அதுவரைக்கும் சரியாகச் செய்தேன் என்றே நினைக்கிறேன்.

இரவு முழுக்கத் தூங்காமல் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்தேன். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. அடிப்பதற்கும் மனரீதியாகத் துன்புறுத்துவதற்கும் 17ஆவது பிரிவில் தடை இருக்கிறது. வெளியே நிற்க வைப்பது இதில் வராதா? பெற்றோரையே எழுதித் தரச் சொல்வது, நீக்கியதாகக் கணக்கு வராமல் இருக்கத்தானே?

மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? முதலில் பள்ளிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டுப் போகலாமா, நேரடியாகவே போகலாமா? குழந்தைகள் உதவி எண் 1098க்கோ, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417க்கோ பேசியவர்கள் இருந்தால், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். வக்கீல் யாராவது மனுவின் வாசகத்தைப் பார்த்துத் திருத்தித் தந்தால் பெரிய உதவி.

திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பையன் சாப்பிடவே மாட்டேன் என்கிறான்.